கரிசலில் கிடைக்காத எலும்பு

(கோவில்பட்டியில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வானில் பறந்து திரிந்த ஊர்வன விலங்குகளைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். அறிவியலில் அவற்றுக்கு டெரோசார் என்று பெயர். நீங்கள் ஏமாறக் கூடாது என்பதற்காக முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கோவில்பட்டியைச் சுற்றி எத்தனை கிணறு வெட்டினாலும், எத்தனை போர் இறக்கினாலும், டெரோசாரின் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்காது. கயத்தாறிலும் கிடைக்காது, எட்டயபுரத்திலும் கிடைக்காது. "அப்படியானால் இங்கே வந்து எதற்கய்யா பேசுகிறீர்?" என்று கேட்பீர்கள். ஏன் கிடைக்காது என்று தெரிந்துகொண்டால், எங்கே கிடைக்கும் என்பதும் தெரிந்துவிடும். எலும்பைப் படிப்பதற்கு முன் மண்ணைப் படிக்க வேண்டும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

முதலில் அந்த விலங்கைப் பார்ப்போம். எல்லோரும் ஒரு கையை நீட்டி, விரல்களை விரித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் முதலாவது, மோதிர விரல் நான்காவது. சுண்டுவிரலை மடக்கிவிடுங்கள், டெரோசாருக்கு அது கிடையாது. முதல் மூன்று விரல்களும் குட்டையாக, நகத்தோடு அப்படியே இருக்கட்டும். இப்போது மோதிர விரல் மட்டும் வளர்ந்து வளர்ந்து, முழங்கை முதல் மணிக்கட்டு வரை உள்ள நீளத்தையும் தாண்டிப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நுனியிலிருந்து உடம்பின் பக்கவாட்டு வரை ஒரு தோல் சவ்வு. அதுதான் இறக்கை. பல இனங்களில் இறக்கை நீளத்தில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ அந்த ஒற்றை விரல்தான். கையை இறக்கிக்கொள்ளலாம்.

முதுகெலும்புள்ள விலங்குகளில் இறக்கையடித்துப் பறக்கக் கற்றவை மூன்றே கூட்டம்: டெரோசார், பறவை, வௌவால். மூன்றும் தனித்தனியே வந்த வழிகள். பறவைக்கு விரல்கள் சுருங்கிப்போய்விட்டன. பறப்பது சிறகின் பலத்தில். நம் ஊர் ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவாலுக்குக் குடைக்கம்பி மாதிரி நான்கு விரல்கள் சவ்வைத் தாங்குகின்றன. டெரோசாருக்கு ஒரே கம்பி. மூன்றில் மூத்தது இதுதான். ஏறக்குறைய 22 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அது வானத்தில் இருந்தது. பறவைகள் அதற்குப் பல கோடி ஆண்டுகள் பிந்தித்தான் வந்தன. வௌவால்கள் வந்தபோது டெரோசார் அடியோடு மறைந்துவிட்டிருந்தது.

மாணவர்களுக்காக இன்னொன்று. சினிமாவில் இதைப் பறக்கும் டைனோசர் என்பார்கள். அது டைனோசர் அல்ல, டைனோசரின் பங்காளி. ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள். டைனோசரின் நேர் வாரிசு யாரென்றால், காலையில் உங்கள் வீட்டுக் கூரையில் வந்து கரைகிறதே, அந்தக் காகம்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1784இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கோசிமோ கொல்லினி என்பவர் ஒரு கல் பலகையை ஆராய்ந்து எழுதினார். ஒரு காலத்தில் வால்டேரின் செயலராக இருந்தவர் அவர். அப்போது மன்ஹைமில் ஆட்சியாளரின் அரும்பொருள் தொகுப்புக்குப் பொறுப்பாளர். பலகையில் முழு எலும்புக்கூடு ஒன்று பதிந்திருந்தது. நீண்ட அலகு, அதில் பல், கையில் ஒரு நெடிய எலும்பு. இது எந்த விலங்கு என்று அவருக்குப் பிடிபடவில்லை; கடல்வாழ் உயிராக இருக்கலாம் என்று கருதினார். அவர் வரைந்த படத்தைப் பாரிசில் இருந்த ஜார்ஜ் கூவியே பார்த்தார். 1801இல் இது ஊர்வன வகை, அதுவும் பறந்த ஊர்வன என்று சொன்னார். 1809இல் விரல் இறக்கையை வைத்து டெரோடாக்டைல் என்று பெயரிட்டார். அதற்குப் பிறகும் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஸோமரிங் அதை வௌவாலோடு சேர்த்தார். கல் ஒன்று, எலும்பு ஒன்று, தீர்ப்பு மூன்று. எலும்பு தானாகப் பேசாது. எதனோடு ஒப்பிட வேண்டும் என்று தெரிந்தவரிடம்தான் பேசும்.

அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்பதில் நமக்கும் ஓர் உறவு இருக்கிறது. பவேரியாவில் சொல்ன்ஹோஃபன் என்ற இடத்தின் சுண்ணாம்புக்கல் அது. 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே அலையில்லாத உப்பங்கழிகள் இருந்தன. அடித்தண்ணீரில் உப்பு மிகுதி. பிணத்தைத் தின்ன உயிரில்லை. விழுந்தது விழுந்தபடி மென்மையான சுண்ணாம்புச் சேறு மூடிக்கொண்டது. அந்தக் கல் அவ்வளவு நயமானது என்பதால்தான் 1796இல் செனஃபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தபோது அதையே பயன்படுத்தினார். பிறகு உலகம் முழுவதும் லித்தோ அச்சகங்கள் அந்தக் கல்லை வாங்கின. பக்கத்துச் சிவகாசியில் அச்சகப் பெயர்களில் 'லித்தோ' என்ற சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அந்தத் தொழிலின் தாய்க்கல் அதுதான். தீப்பெட்டி லேபிளும், நம் ஊர் கொண்டைய ராஜு வரைந்த சாமி படக் காலண்டரும் வளர்ந்த தொழில் மரபுக்கு மூலம், டெரோசார் உறங்கிய அதே கல். கல் வெட்டும் தொழிலாளர்கள் உளியால் பலகை பலகையாகப் பிளந்ததால்தான் அந்த எலும்புகள் வெளியே வந்தன.

இனி, எலும்புகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

முதலில் கனம். டெரோசாரின் நீண்ட எலும்புகள் உள்ளே கூடானவை. சுவர் பல இனங்களில் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். பறவைகளைப் போலவே காற்றறைகள் எலும்புக்குள் புகுந்திருந்தன. அதனால்தான் அவ்வளவு பெரிதாக வளர முடிந்தது. 1971இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டக்ளஸ் லாசன் என்ற மாணவர் ஓர் இறக்கையின் எலும்புகளைக் கண்டெடுத்தார். 1975இல் அந்த விலங்குக்கு ஆஸ்டெக் மக்களின் தெய்வப் பெயரை வைத்து கெட்சால்கோட்லஸ் என்று பெயரிட்டார். இறக்கையை விரித்தால் 10 மீட்டருக்கு மேல். தரையில் நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம். இன்னொரு பக்கம், பூச்சி பிடித்துத் தின்ற, மைனா அளவேயான டெரோசார்களும் இருந்தன.

அவ்வளவு பெரிய உடம்பு தரையிலிருந்து எப்படிக் கிளம்பியது? பறவை காலால் உந்தித்தான் எழும்பும்; ஆகவே பெரிய பறவைக்குத் தொடை எலும்பு தடித்திருக்கும். டெரோசாரின் எலும்புகளை அளந்து கணக்கிட்ட மைக்கேல் ஹபீப் 2008இல் வேறொன்றைக் காட்டினார். அதற்குத் தொடை எலும்பைவிட மேற்கை எலும்புதான் பல மடங்கு வலுவானது. அப்படியானால் அது இரண்டு காலால் குதித்திருக்காது. நான்கு காலிலும் நின்று, கைகளால் தரையை உந்தி எழுந்திருக்கும். ஓர் எலும்பின் தடிமனிலிருந்து அந்த விலங்கின் பழக்கத்தையே எடுத்துவிட முடிகிறது.

எலும்பே இல்லாத சான்றும் உண்டு. பிரான்சின் தென்மேற்கே கிரேசாக் என்ற இடத்தில் பழைய கடற்கரைச் சேறு கல்லாகியிருக்கிறது. அதில் டெரோசார்கள் நான்கு காலால் நடந்த தடங்கள் ஏராளம். 2009இல் அவற்றுக்கிடையே ஒரு தடத்தை ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். தொடக்கத்தில் முன்கால் தடமே இல்லை. இரண்டு பின்கால்கள் மட்டும் சேர்ந்தாற்போல் பதிந்து, நகம் சேற்றில் இழுபட்ட கோடு தெரிகிறது. அடுத்து ஒரு குட்டை அடி. அதன் பிறகுதான் முன்கைகள் ஊன்றி, சாதாரண நடை தொடங்குகிறது. ஒரு டெரோசார் பறந்து வந்து தரையிறங்கிய அந்தச் சில நொடிகள் கல்லில் இருக்கின்றன. அது வந்து இறங்கிய திசையைக்கூட நம்மால் சுட்டிக்காட்ட முடியும்.

தோலும் உரோமமும்கூடச் சில இடங்களில் தப்பின. 1971இல் சோவியத் ஆய்வாளர் ஷரோவ், கஜகஸ்தானில் கிடைத்த ஒரு டெரோசாரின் உடம்பைச் சுற்றி உரோமம் போன்ற இழைகள் இருந்ததை எழுதினார். உடம்பு வெப்பத்தைக் காத்துக்கொள்ள வேண்டிய விலங்குக்குத்தான் போர்வை தேவை. பல்லி போல வெயிலுக்குக் காத்துக் கிடந்த பிராணியல்ல இது.

தின்ற தீனியைப் பல் சொல்லும். அர்ஜென்டினாவில் கிடைத்த டெரோடாஸ்ட்ரோ என்ற டெரோசாரின் கீழ்த்தாடையில் நூல் நூலாக ஏறத்தாழ ஆயிரம் பற்கள். தூத்துக்குடி உப்பளத்தில் பூநாரை தலையைக் கவிழ்த்துத் தண்ணீரை வடிகட்டித் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலையை அந்த விலங்கு 10 கோடி ஆண்டுகளுக்கு முன் செய்திருக்கிறது.

முட்டைக்கு 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சீனத்தில்தான் முதலில் கிடைத்தது. பிறகு 2017இல் சீனத்தின் ஹாமி பகுதியிலிருந்து 200க்கு மேற்பட்ட முட்டைகள் ஒரே பாறையில் இருந்ததாக வாங் சியாவோலின் குழு அறிவித்தது. பதினாறில் கருவின் எலும்பு இருந்தது. முட்டை ஓடு கோழி முட்டை போல் கெட்டியானதல்ல. பல்லி, பாம்பு முட்டை போல் நெகிழ்ந்தது. இத்தனை முட்டைகள் ஒரே இடத்தில் என்றால், அவை கூட்டமாக வந்து முட்டையிட்டிருக்க வேண்டும். வெள்ளம் அடித்துக்கொண்டு போய்ப் புதைத்திருக்கிறது. உயிர்களுக்கு அழிவாக வந்த வெள்ளம்தான் அறிவியலுக்குச் சான்றைக் கொண்டுவந்து கொடுத்தது.

நான் இதுவரை சொன்ன இடங்களையெல்லாம் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். உப்பங்கழி, கடற்கரைச் சேறு, வெள்ளம். எல்லாமே பள்ளம். எல்லாமே வண்டல் வந்து சேரும் இடம். எலும்புச் சுவர் ஒரு மில்லிமீட்டர் என்றேனே, அந்த எலும்பு மேட்டில் கிடந்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. உடனே மூடப்பட வேண்டும், மென்மையாக மூடப்பட வேண்டும், மூடிய வண்டல் பிறகு சூடேறாமல் கல்லாக வேண்டும். இந்த மூன்றும் கூடி வருவது அபூர்வம். டெரோசார்கள் 15 கோடி ஆண்டுகளுக்கு மேல் உலகெங்கும் பறந்தும், நமக்குக் கிடைத்தவை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கே கிணறு வெட்டியவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது. மேலே கரிசல், ஆள் உயரமோ கொஞ்சம் கூடக்குறையவோ. அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான். அதற்குக் கீழே வெடி வைத்தாலொழிய அசையாத பாறை. நைஸ், சார்னோகைட் என்று நிலவியலாளர்கள் சொல்வார்கள். கழுகுமலையில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் மேலிருந்து கீழாகக் குடைந்து வெட்டுவான் கோவிலை வடித்தார்களே, அதுவும் இந்தக் கடும்பாறைக் குடும்பம்தான். அவ்வளவு நுணுக்கமான சிற்பம் ஆயிரத்திருநூறு ஆண்டு வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கிறது என்றால், அந்தப் பாறையின் கடினம்தான் காரணம்.

ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதி ஒன்றுசேர்ந்தபோது, பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்தில் வெந்து உருமாறிய பாறை இது. டெரோசார் தோன்றியதோ 22 கோடி ஆண்டுகளுக்கு முன். அதாவது எலும்பு வருவதற்கு முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பே நம் பாறை வெந்து முடிந்துவிட்டது. அதற்குள் எப்படி எலும்பு இருக்கும்?

"பாறைக்கு மேலே பிறகு படிந்த மண்ணில் இருக்கலாமே?" என்று ஒரு மாணவர் கேட்டால் அது நல்ல கேள்வி. டெரோசார் காலத்தில் இந்தப் பகுதி மேடு. மேடு தேயும், பள்ளம் சேர்க்கும். இங்கிருந்து அரிக்கப்பட்ட மணலும் களிமண்ணும் கிழக்கே போய்ச் சேர்ந்தன. டெரோசாரின் இறக்கை நிழல் இந்த மேட்டின்மேல் விழுந்திருக்கலாம். எலும்பு விழுந்திருந்தால் அதுவும் மண்ணோடு அடித்துக்கொண்டு போயிருக்கும்.

அடுத்து, கரிசலைப் பற்றி. பள்ளிப் பாடத்தில் கரிசல் மண் எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது என்று படிக்கிறோம். மகாராஷ்டிரத்துக்கும் மாளவத்துக்கும் அது சரி. அங்கே ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி வழிந்த தக்காணக் குழம்பு இன்றும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருக்கிறது. அதன் மேல் விளைந்த கரிசல் டெரோசாரின் கடைசிக் காலத்தைப் பார்த்த பாறையின் பிள்ளை. மெக்சிகோவில் சிக்சுலுப்பில் விண்கல் விழுந்ததும் அதே காலம். அந்த அழிவில் டெரோசார் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கோவில்பட்டிக் கரிசல் அந்தக் குழம்பிலிருந்து வரவில்லை. கீழே இருக்கும் நைஸ் பாறைதான் குறைந்த மழையில், வடிகால் சரியில்லாத சமதரையில், சுண்ணாம்புச் சத்து வெளியேறாமல் மெல்ல மெல்ல மட்கிக் கரிசலாயிற்று. நிறமும் வெடிப்பும் ஒன்று, பிறப்பு வேறு. 1901இல் தொடங்கிய நம் ஊர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மானாவாரிப் பயிர் பார்த்த மண் இது. பாறையின் வயதோடு வைத்துப் பார்த்தால் நேற்று முளைத்த மண்.

இந்த மண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையில் உப்பி மூடிக்கொள்ளும். மேல்மண் வெடிப்புக்குள் விழும், அடிமண் பிதுங்கி மேலே வரும். நாம் உழாவிட்டாலும் கரிசல் தன்னைத்தானே உழுதுகொள்ளும். பருத்திக்கும் உளுந்துக்கும் அது வரம். எலும்புக்கு அது எமன். போன தலைமுறையில் புதைத்த மாட்டின் எலும்பே நேராக இருக்காது.

சரி, இந்தியாவில் வேறெங்கும் டெரோசார் இல்லையா? கோதாவரியும் பிராணஹிதாவும் சேரும் பள்ளத்தாக்கில் கோட்டா படிவம் என்று ஜுராசிக் காலப் பாறை உண்டு. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அங்கே பல ஆண்டுகள் தோண்டியது. அந்த நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ் அழைத்துவந்த தொல்லுயிரியலாளர் பமீலா ராபின்சன் தொடங்கிவைத்த பணி அது. தாகூர் நூற்றாண்டை ஒட்டி அவர் பெயரைத் தாங்கிய பாராபசாரஸ் தாகோரை என்ற பெரும் டைனோசர் அங்கிருந்துதான் வந்தது. அதே படிவத்தில் கிடைத்த ஒரு சிறு தாடைத் துண்டை வைத்து 1974இல் எஸ். எல். ஜெயின், கேம்பிலோக்னத்தாய்டஸ் இண்டிகஸ் என்று ஓர் இந்திய டெரோசாருக்குப் பெயரிட்டார். பின்னால் வந்த ஆய்வாளர்கள், இவ்வளவு சிறிய துண்டை வைத்து ஓர் இனத்தை நிறுவ முடியுமா, அது டெரோசார்தானா என்று ஐயம் எழுப்பினார்கள். பெயர் வைப்பதும், வைத்த பெயரைக் கேள்வி கேட்பதும் அறிவியலில் ஒரே வேலையின் இரண்டு பாதி.

தமிழ்நாட்டில் தேட வேண்டிய மண் எது? நமக்குக் கிட்டத்தில் சிவகங்கைப் பக்கம் டெரோசார் காலத்து ஆற்று வண்டல் பாறைகள் இருக்கின்றன. இலைப் பதிவுகளுக்குப் பேர்போனவை. இன்னும் வளமானது அரியலூர், பெரம்பலூர் பகுதி. இந்தியா மற்றக் கண்டங்களிலிருந்து பிரிந்தபோது உண்டான பள்ளத்தில் கடல் புகுந்து, பல கோடி ஆண்டுகள் வண்டல் சேர்த்தது. 1840களிலேயே கே, கன்லிஃப் என்ற ஆங்கிலேயர்கள் அங்கே சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் சேகரித்தார்கள். 1862இல் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு அந்தப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதினார். சாத்தனூரில் முழு மரமே கல்லாகிக் கிடக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் டெரனோடான் என்ற புகழ்பெற்ற டெரோசார் கடல் சுண்ணாம்பில்தான் கிடைத்தது. கடல்மேல் பறப்பது கடலில்தான் விழும். ஆகவே அந்தப் பகுதியின் காரை ஓடைகளிலும் கல்லமேட்டிலும் கண்ணை வைத்திருப்பது நியாயம்.

கல்லமேடு என்றதும் ஒரு துக்கத்தையும் சொல்ல வேண்டும். 1980களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே கிடைத்த பெரிய எலும்புகளுக்கு புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கால் எலும்பு ஒன்று மட்டும் ஏறக்குறைய 2 மீட்டர். உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று பேசப்படுவது. ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. உப்பிச் சுருங்கும் களிமண்ணிலிருந்து எடுத்த எலும்பு பொடிந்துபோயிற்று. மிஞ்சியவை வரைபடமும், பின்னர் 2022இல் வெளிச்சத்துக்கு வந்த சில புகைப்படங்களும்தான். இரண்டு மீட்டர் எலும்புக்கே அந்தக் கதி என்றால், ஒரு மில்லிமீட்டர் சுவர் எலும்பை எவ்வளவு பக்குவமாக எடுக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

அவசரத்தின் கதையும் அதே வட்டாரத்தில் உண்டு. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்ததும் 'டைனோசர் முட்டை' என்று செல்போனெல்லாம் பரவியது. விவரம் தெரிந்தவர்கள் பார்த்து, கடலில் வாழ்ந்த அம்மோனைட்டைச் சார்ந்த படிவம் என்றார்கள். நம் காட்டிலும் சுக்கான் கல் முட்டை போலவும் கொம்பு போலவும் விரல் போலவும் வரும். இந்த மண்ணின் அடிப்பாறை எதுவென்று தெரிந்தவர் அதைப் பார்த்து ஏமாற மாட்டார். சுண்ணாம்புத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி உறைந்த உருவம் அது. இங்கே முதுமக்கள் தாழி கிடைத்தால் நம்பலாம். ஆதிச்சநல்லூரும் சிவகளையும் பக்கத்தில்தான். அது ஆயிரக்கணக்கான ஆண்டுக் கணக்கு. டெரோசார் கோடிக்கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நீங்கள் வேலைக்கோ படிப்புக்கோ அரியலூர்ப் பக்கம் போவீர்கள். சிமெண்ட் ஆலைச் சுரங்கத்தில்கூட வேலை பார்ப்பீர்கள். வழக்கமில்லாத ஒரு வடிவத்தைக் கல்லில் கண்டால், முதலில் தொடாதீர்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். எந்த ஊர், எந்த ஓடை, எந்த அடுக்கு, மேலே என்ன மண், கீழே என்ன மண் என்று எழுதுங்கள். பிறகு வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ, நிலவியல் துறை உள்ள கல்லூரிக்கோ சொல்லுங்கள். இடம் தெரியாத எலும்பு வெறும் கல். மன்ஹைமில் இருந்தது ஒரே பலகைதான். கொல்லினி அதைப் படமாக வரைந்து எழுதிவைத்ததால்தான் பாரிசில் இருந்த கூவியேவுக்கும் அது என்ன விலங்கு என்று சொல்ல முடிந்தது.

அந்தப் பழக்கத்தை இங்கிருந்தே தொடங்கலாம். அடுத்த கோடையில் உங்கள் ஊரில் கிணறு தூர்வாரும்போது, மேலிருந்து கீழ் வரை அடுக்கடுக்காக மண்ணையும் சுக்கானையும் பாறையையும் அளந்து, ஒரு தாளில் வரைந்து பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். அதில் எலும்பு இருக்காது. ஆனால் ஏன் இருக்காது என்பதை உங்களால் வகுப்பில் எழுந்து நின்று சொல்ல முடியும். அப்படிச் சொல்லத் தெரிந்த மாணவர்தான் நாளைக்கு எலும்பு இருக்கும் இடத்தில் அதைக் கண்டுகொள்வார்.